பாதை மாறும் புரதமும் புற்றுநோயும்: பழ ஈக்குள் ஒரு சமிக்ஞையைப் பின்தொடர முழு வழிகாட்டி

2005-இல் 'டெவலப்மென்டல் செல்' ஆய்விதழின் ஒரே வெளியீட்டில் பழ ஈயைப் பற்றி மூன்று கட்டுரைகள் வந்தன. மூன்று குழுக்கள் தனித்தனியாக வேலை செய்து ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. ஈயின் கண்ணாக வளரவேண்டிய திசுவில், சில செல்களில் மட்டும் ஒரு மரபணுவைச் செயலிழக்க வைத்தால் அந்தத் திசு கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. ஒரு குழு எடுத்துக்கொண்ட மரபணு எரப்டட். மற்ற இரண்டு குழுக்கள் எடுத்தது விபிஎஸ்25. இவற்றுக்கும் செல் பிரிதலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, டிஎன்ஏவைப் பழுதுபார்ப்பதோடும் கிடையாது. செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்ட புரதங்களைப் பிரித்து அழிவுக்கு அனுப்புவதுதான் இவற்றின் வேலை. இன்னும் விசித்திரம் என்னவென்றால், மரபணுவை இழந்த செல்களில் பல செத்துப்போயின. அளவுக்கு மீறிப் பெருகியவை, பக்கத்தில் எந்தக் குறையும் இல்லாமல் இருந்த செல்கள்.

ஒரு புரதம் செல்லில் இருக்கிறதா, இல்லையா என்று கேட்பது போதாது. அது எந்த அறையில், எவ்வளவு நேரம் இருக்கிறது என்றும் கேட்கவேண்டும். புற்றுநோய் பற்றிய பாடப்புத்தகப் படங்களில் இந்தக் கேள்விக்கு இடமே இருப்பதில்லை. ஏற்பியிலிருந்து, அதாவது செல்லின் மேற்பரப்பில் நின்று சமிக்ஞையைப் பிடிக்கும் புரதத்திலிருந்து, அம்புக்குறி நேராக உட்கருவுக்குப் போய்விடும். இந்த வழிகாட்டி அந்த அம்புக்குறியைப் பிரித்துப் பார்க்கிறது. பள்ளி உயிரியல் நினைவிருந்தால் போதும், பின்தொடரலாம்.

படி 1: ஈயைத் தெரிந்துகொள்ளுங்கள்

அழுகும் வாழைப்பழத்தைச் சுற்றும் சின்ன ஈதான், டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். 1910-இல் தாமஸ் ஹன்ட் மார்கன் நியூயார்க்கில் வெள்ளைக்கண் ஈயைப் பற்றி எழுதியதிலிருந்து அது மரபியலின் சொந்த விலங்கு. 25 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து வளர்ந்த ஈயாக சுமார் 10 நாள். குரோமோசோம்கள் 4 ஜோடிதான். 2000-இல் மரபணுத்தொகுதி வெளியானபோது சுமார் 13,600 மரபணுக்கள் எண்ணப்பட்டன. மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறத்தாழ முக்கால்வாசிக்கு ஈயிலும் ஓர் இணை உண்டு.

நமக்கு முக்கியம் வளர்ந்த ஈ அல்ல, புழு. புழுவின் உடலுக்குள் தட்டையான சின்னப் பைகளாகச் சில இளந்திசுக்கள் இருக்கும். ஒன்று பின்னால் இறகாகும், இன்னொன்று கண்ணாகும், மற்றொன்று காலாகும். ஆய்வகத்தில் 'டிஸ்க்' என்றே சொல்வார்கள். இறகு டிஸ்க் சில பத்து செல்களில் தொடங்கி, சில நாட்களில் பல்லாயிரம் செல்களாகி, சரியான அளவில் தானாக நின்றுவிடும். இந்த 'தானாக நிற்றல்' எங்கே தோற்கிறது என்று பார்ப்பதே ஈயில் புற்றுநோயைப் படிப்பது. நம் தோலும் குடலும் போல டிஸ்க்கும் எபித்தீலியத் திசு, அதாவது பரப்புகளை மூடும் செல் அடுக்கு. செல்களுக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்று திசை உண்டு. மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை எபித்தீலியத்தில் பிறப்பதால் இது தற்செயலான வசதி அல்ல.

ஈக்குக் கட்டி வருமா என்று கேட்பவர்கள் உண்டு. வரும். எலிசபெத் காடெஃப் 1978-இல் 'சயின்ஸ்' இதழில் இதை விரிவாக எழுதினார். எல்ஜிஎல் என்ற மரபணுவை இழந்த புழுவின் திசுத்துண்டை நலமான ஈயின் வயிற்றில் வைத்தால் அது வளர்ந்து பரவி அந்த ஈயைக் கொல்லும். ஆனால் ஈக்கு நம்மைப் போல மூடிய ரத்தக்குழாய்கள் இல்லை. கட்டி தனக்கென ரத்தக்குழாய் வளர்த்துக்கொள்வது போன்ற கேள்விகளை இங்கே கேட்டுப் பயனில்லை.

படி 2: செல்லுக்குள் வரைபடத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் நீங்களே வரைந்துவிடுங்கள். வெளியே போகும் பாதை: எண்டோபிளாசம வலையில் புரதம் தயாராகிறது, கோல்கியில் திருத்தப்படுகிறது, சின்னச் சவ்வுப்பைகளில் ஏறி மேற்பரப்பை அடைகிறது. உள்ளே வரும் பாதை: மேற்பரப்புச் சவ்வு குழிந்து, கழுத்து அறுபட்டு, பையாகி, முதல்நிலை எண்டோசோமில், அதாவது உள்ளே இழுக்கப்பட்டவற்றைப் பிரிக்கும் சவ்வறையில் சேர்கிறது. அங்கே பாதை பிரியும். ஒன்று திரும்ப மேற்பரப்புக்கு. மற்றொன்று பின்நிலை எண்டோசோம் வழியாக லைசோசோமுக்கு, அதாவது அழிவுக்கு.

இந்தச் சந்திப்புகளில் நிற்கும் சில பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்தை அறுப்பது டைனமின். முதல்நிலை எண்டோசோமின் அடையாளம் ராப்5, பின்நிலையின் அடையாளம் ராப்7, மேற்பரப்புக்குத் திரும்பும் வழியில் ராப்11. அழிக்கவேண்டிய ஏற்பிகளை எண்டோசோமின் உட்புறத்துக்குள் மடித்துத் தள்ளும் புரதக்கூட்டம் எஸ்கார்ட். அதில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு அணிகள் உண்டு, விபிஎஸ்25 எஸ்கார்ட்-2 அணியைச் சேர்ந்தது. இந்தப் பெயர்களில் சில ஈயிலிருந்து வந்தவை அல்ல, ஈஸ்ட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை. பைப் போக்குவரத்தின் அடிப்படையைத் தெளிவாக்கியதற்காக 2013-இல் ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

'உட்புறத்துக்குள் மடித்துத் தள்ளுவது' என்ற அந்த ஒரு வேலையில் கொஞ்சம் நில்லுங்கள், இதன்மேல்தான் மற்றதெல்லாம் நிற்கிறது. ஏற்பி எண்டோசோமின் வெளிச்சவ்வில் உட்கார்ந்திருக்கும்வரை அதன் வால் செல் திரவத்துக்குள் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். மேற்பரப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டாலும் அது செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கலாம். எஸ்கார்ட் அதை உள்ளே மடித்த பிறகுதான் வாலும் அடைபடுகிறது, சமிக்ஞை நிற்கிறது. அதற்கு முன்னால் பாதை அடைத்துக்கொண்டால், அழைப்பு மணியின் பொத்தான் அமுங்கியபடியே சிக்கிக்கொண்ட நிலைமைதான்.

படி 3: புறப்படும் சமிக்ஞையைப் பாருங்கள்

விங்லெஸ் என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். இதன் கதையில் நமக்கு ஒரு நேரடி உறவு இருக்கிறது. இறகில்லாத இந்த ஈயை 1970-களின் தொடக்கத்தில் விவரித்தவர் டெல்லியில் பணியாற்றிய ஆர்.பி. சர்மா. 1976-இல் வி.எல். சோப்ராவோடு சேர்ந்து விரிவான கட்டுரையும் எழுதினார். அந்தப் பக்கம், 1982-இல் ரோல் நூசும் ஹரால்ட் வார்மஸும் எலிகளின் மார்பகக் கட்டியில் ஒரு வைரஸ் எந்த மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதை முடுக்கிவிடுகிறது என்று தேடி, இன்ட்-1 என்ற மரபணுவைக் கண்டார்கள். 1987-இல் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. ஈக்கு இறகைத் தரும் மரபணுவும் எலிக்கு மார்பகக் கட்டியைத் தரும் மரபணுவும் ஒரே குடும்பம். இரண்டு பெயர்களையும் ஒட்டித்தான் அந்தக் குடும்பம் 'விண்ட்' ஆனது.

விங்லெஸ் செல்லைவிட்டு வெளியேறுவது எளிதல்ல. எண்டோபிளாசம வலையில் போர்க்குபைன் என்ற நொதி அதன்மேல் ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டுகிறது. கொழுப்பு ஒட்டிய புரதம் தண்ணீரில் மிதக்காது. கோல்கியிலிருந்து மேற்பரப்புவரை அதைப் பிடித்துக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். 2006-இல் சூரிக்கிலும் ஹைடல்பெர்க்கிலும் இருந்த குழுக்கள் அந்த ஆளை ஈயில் கண்டுபிடித்தன. ஒரு குழு அதற்கு விண்ட்லெஸ் என்றும் மற்றது ஈவி என்றும் பெயர் வைத்தது. (ஒரே மரபணுவுக்கு இரண்டு மூன்று பெயர் என்பது ஈ உலகில் சாதாரணம், படிக்கும்போது குழம்பினால் உங்கள் தவறு இல்லை.) ஈவி இல்லாத செல்லில் விங்லெஸ் உற்பத்தியாகும், ஆனால் உள்ளேயே தேங்கிவிடும். ஈவியும் ஒருமுறை போய் முடிந்துவிடுவதில்லை. மேற்பரப்பில் சரக்கை இறக்கியபின் உள்ளே வந்து, ரெட்ரோமர் என்ற புரதக்கூட்டத்தின் உதவியால் கோல்கிக்குத் திரும்பி, அடுத்த விங்லெஸை ஏற்றிக்கொள்கிறது. ரெட்ரோமரைக் கெடுத்தால் ஈவி லைசோசோமில் போய் அழியும், விங்லெஸும் வெளியே வராது.

இங்கே புற்றுநோயோடு முதல் தொடர்பு வருகிறது. ஒரு கட்டி வெளியிலிருந்து வரும் விண்ட் புரதத்தை நம்பி வளர்கிறது என்றால், போர்க்குபைனைத் தடுத்தால் அந்தப் புரதம் புறப்படவே முடியாது. இதற்கான மருந்துகள் மனிதர்களிடம் பரிசோதனைக்கு வந்துவிட்டன. அவற்றில் ஒன்றான ஈடிசி-159 சிங்கப்பூரில் உருவானது. ஆனால் எல்லாக் கட்டிக்கும் இது பொருந்தாது. பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவற்றில் கெட்டிருப்பது ஏபிசி என்ற மரபணு, அது ஏற்பிக்குக் கீழே, செல்லுக்குள் இருக்கிறது. அங்கே உடைந்துவிட்டால் வெளியிலிருந்து சமிக்ஞை வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். சமிக்ஞை புறப்படுவதைத் தடுக்கும் மருந்துக்கு அந்தக் கட்டியில் வேலை இல்லை. ஆகவே எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முதல் கேள்வி: உடைப்பு ஏற்பிக்குக் கீழேயா, அல்லது ஏற்பியின் மட்டத்திலோ அதற்கு மேலேயோ?

இன்னொரு சுவையான திருப்பமும் உண்டு. விங்லெஸ் தூரம் பயணம் செய்து இறகை வடிவமைக்கிறது என்றே பல ஆண்டுகள் நம்பினார்கள். 2014-இல் லண்டனில் ழான்-போல் வின்சென்ட்டின் குழு, விங்லெஸைச் செல் சவ்வோடு கட்டிவைத்து எங்கும் போகாதபடி செய்தது. ஈக்கள் சற்றுத் தாமதமாக வளர்ந்தன, ஆனால் இறகு ஏறக்குறைய ஒழுங்காகவே வந்தது. எனவே 'பரவுகிறது' என்பதையும் 'பரவினால்தான் வேலை நடக்கும்' என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

படி 4: பெறும் செல்லுக்குள் நுழையுங்கள்

சமிக்ஞை ஏற்பியைத் தொட்டதும் கதை முடிவதில்லை. பல சமயம் ஏற்பியும் சமிக்ஞையும் எண்டோசோமுக்குள் போன பிறகுதான் முழுச் செய்தியும் கிளம்புகிறது. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயரின் குழு 2016-இல் இதை இறகு டிஸ்க்கில் காட்டியது. விங்லெஸ் டைனமின் தேவைப்படாத ஒரு வழியாக உள்ளே வருகிறது. அதன் ஏற்பியான ஃபிரிஸில்ட்-2 வேறு வழியாக வருகிறது. இரண்டும் எண்டோசோமில் சந்திக்கின்றன, சமிக்ஞைக்கு அந்தச் சந்திப்பு வேண்டும். ஒரே சமிக்ஞைக்கு இரண்டு வாசல்.

நாட்ச் என்ற ஏற்பி இன்னும் வினோதமானது. நாட்ச்சும் அதை உசுப்பும் டெல்டாவும் அடுத்தடுத்த செல்களின் சவ்வில் நிற்பவை. எதுவும் பறந்து போவதில்லை. நாட்ச்சைத் தொட்ட டெல்டாவை அதன் சொந்தச் செல் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த இழுப்பு விசையில்தான் நாட்ச் விரிந்து, வெட்டுப்பட்டு, அதன் வால்பகுதி உட்கருவுக்குப் போகிறது. இந்தப் புரிதலின் பின்னால் ஒரு பழைய ஈ இருக்கிறது: சூடேற்றினால் அப்படியே செயலிழந்து விழும், குளிர்வித்தால் எழுந்துவிடும் ஷிபிரே ஈ. 1990-களின் தொடக்கத்தில் அதன் மரபணு டைனமின் என்று தெரிந்தது. ஓர் அடைப்பானை வெப்பநிலையால் திறந்து மூடுவது போல, செல்லின் உள்ளிழுப்பை விரும்பிய நேரத்தில் நிறுத்தலாம். இன்றும் ஆய்வகங்களில் அது தினசரிக் கருவி.

நாட்ச் ஏன் முக்கியம்? டி-செல் வகை கடும் லுகேமியாவில் பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நாட்ச்-1 மரபணுவில் அதை ஓயாமல் இயக்கும் மாற்றங்கள் உள்ளன என்று 2004-இல் தெரிந்தது. தோலின் சில புற்றுநோய்களிலோ நேர்மாறு, அங்கே நாட்ச் இழப்புதான் கேடு. ஒரே புரதத்துக்கு நல்லது, கெட்டது என்று பட்டம் கட்ட முடியாது.

படி 5: திட்டுத்திட்டாக மரபணுவை நீக்குங்கள்

முழு ஈயிலும் விபிஎஸ்25-ஐ நீக்கினால் அது வளர்ந்த ஈயாகாது, புழுவிலேயே சாகும். அதனால் ஒரே திசுவில் நலமான செல்களுக்கு நடுவே கெட்ட செல்களின் திட்டுகளை உண்டாக்குவார்கள். கருவி ஈஸ்ட்டிலிருந்து கடன் வாங்கியது: எஃப்எல்பி என்ற நொதியும் அது வெட்டி மாற்றும் எஃப்ஆர்டி என்ற இடங்களும். ஒரு குரோமோசோமில் கெட்ட பிரதி, மற்றதில் நல்ல பிரதி உள்ள ஒரு செல் பிரியும்போது, எஃப்எல்பி குரோமோசோம் கைகளை மாற்றிப் போடும். பிறக்கும் மகள் செல்களில் ஒன்றுக்கு இரண்டும் கெட்ட பிரதி, மற்றதற்கு இரண்டும் நல்ல பிரதி. நல்ல பிரதியோடு பச்சை ஒளிரும் புரதத்தைச் சேர்த்துவிட்டால், நுண்ணோக்கியில் கெட்ட திட்டு கருப்பாகவும் அதன் இரட்டைச் சகோதரத் திட்டு அடர்பச்சையாகவும் தெரியும்.

இதன் அழகு, ஒப்பீட்டுக்கான திசு அதே படத்துக்குள் இருப்பது. அதே புழு, அதே உணவு, அதே வெப்பநிலை, ஒரு செல் தள்ளி. எலியில் இதைச் செய்ய முடியாது என்றில்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆகும். ஈயில் சில வாரம்.

ஒரு மரபணுவை நீக்காமல் கூடுதலாக ஓட்டவேண்டுமென்றால் 1993-இல் ஆண்ட்ரியா பிராண்டும் நார்பர்ட் பெரிமனும் தந்த கேல்4 முறை. ஓர் ஈயில் 'எங்கே' என்ற கட்டளை, இன்னொன்றில் 'எதை' என்ற கட்டளை. இரண்டையும் கலந்தால் குஞ்சு ஈயில் மட்டும் அது நடக்கும். கேல்80 என்ற தடுப்பானின் வெப்ப உணர்வுள்ள வடிவத்தைச் சேர்த்தால் 18 டிகிரியில் அடங்கி, 29 டிகிரியில் ஓடும். 'எப்போது' என்பதும் கைக்கு வந்துவிடுகிறது.

படி 6: படத்தைப் படியுங்கள்

இப்போது விபிஎஸ்25 திட்டுகள் உள்ள கண் டிஸ்க் உங்கள் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கருப்புத் திட்டுகளுக்குள் பாருங்கள். நாட்ச் புரதத்தை நிறமேற்றினால், நலமான செல்லில் மேற்பரப்பில் மெல்லிய கோடாக இருப்பது, இங்கே உள்ளே பெரிய புள்ளிகளாகக் குவிந்திருக்கும். அந்தப் புள்ளிகள் எங்கே இருக்கின்றன? எண்டோசோம் அடையாளங்களோடு சேர்த்து நிறமேற்றிப் பார்த்தால் அவற்றோடு ஒன்றிப்போகும். லைசோசோமுக்குப் போகாமல் நடுவழியில் சிக்கியிருக்கிறது.

சிக்கியிருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல என்று நிரூபிக்க அடுத்த படி. நாட்ச் உட்கருவில் இயக்கும் மரபணுக்களைப் பார்க்கவேண்டும். அவை ஓடிக்கொண்டிருந்தன, அதுவும் டெல்டா தொட்டிராத இடங்களில்கூட. அதாவது எண்டோசோமில் தேங்கிய நாட்ச் தானாகவே வெட்டுப்பட்டு சமிக்ஞை அனுப்புகிறது.

சரி, பக்கத்துச் செல்கள் ஏன் பெருகின? நாட்ச் ஓடும் கெட்ட செல் அன்பேர்ட் என்ற புரதத்தைத் தயாரித்து வெளியே விடுகிறது. அது பக்கத்துச் செல்களின் ஏற்பியைத் தொட்டு ஜாக்-ஸ்டாட் என்ற பாதையை முடுக்குகிறது, அவை பிரிகின்றன. மனிதர்களில் அதற்கு இணையான பாதை இன்டர்லூக்கின் போன்ற சைட்டோகைன்களின் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதங்களின்) பாதை. ரத்தப் புற்றுநோய் மருத்துவர்களுக்கு நன்கு பழகிய பெயர். ஆக, ஒரு செல்லில் குப்பை அள்ளாததன் விளைவு, அடுத்த செல்லில் கட்டி.

இந்தப் பரிசோதனையின் இன்னொரு பாதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சுற்றிலும் நலமான செல்கள் இருக்கும்போது கெட்ட செல்கள் செத்துப்போகின்றன. ஆனால் ஏறக்குறைய முழு டிஸ்க்கும் கெட்ட செல்களாகவே இருக்குமாறு ஈயை அமைத்தால், அவை சாகாமல் மேல்-கீழ் திசையை இழந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, உருவமற்ற கட்டியாகின்றன. ஒரே மரபணு, ஒரே உடைப்பு. அக்கம்பக்கம் மாறியதும் விளைவு தலைகீழ். என் கணக்கில், கட்டிச் செல்லைத் தனியாகக் கிண்ணத்தில் வளர்த்துப் படிப்பதன் எல்லையை இதைவிட நன்றாகக் காட்டும் பரிசோதனை அரிது.

படி 7: அடைப்பை வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள்

டேவிட் பில்டரின் பெர்க்லி ஆய்வகம் எழுப்பிய கேள்வி இது. எஸ்கார்ட்டில் அடைக்காமல் அதற்கு முன்னாலேயே, எண்டோசோமுக்குள் நுழையும் வாசலில் அடைத்தால்? ராப்5-ஐயோ அவலாஞ்ச் என்ற புரதத்தையோ நீக்கினால் டிஸ்க் அப்போதும் கட்டியாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அதே கட்டி. ஆனால் உள்ளே நாட்ச் சமிக்ஞை கூடவில்லை, குறைந்திருந்தது. எண்டோசோமுக்குள் போகாததால் நாட்ச்சால் முழுவதும் இயங்க முடியவில்லை.

அப்படியானால் கட்டி எங்கிருந்து வந்தது? கிரம்ப்ஸ் என்ற மற்றொரு சவ்வுப் புரதம் மேற்பரப்பிலிருந்து நீக்கப்படாமல் குவிந்தது. செல்லின் மேல் பக்கம் எது என்று சொல்லும் புரதம் அது. அது மிகுந்தால் செல் முழுவதும் மேல் பக்கமாகிவிடும், திசு ஒழுங்கு குலையும், வளர்ச்சிக் கட்டுப்பாடும் கூடவே போகும். ஒரே தோற்றமுள்ள இரண்டு கட்டிகளுக்கு இரண்டு வெவ்வேறு புரதங்கள் காரணம். 'உள்ளிழுப்புக் கோளாறு புற்றுநோயை உண்டாக்கும்' என்று பொதுவாக எழுதுவது அதனால்தான் எனக்கு ஒப்பாது. எந்த நிலையில், எந்தச் சரக்கு என்று சொல்லாதவரை அந்த வாக்கியத்தில் விஷயம் இல்லை.

போக்குவரத்து காவலாகவும் வேலை செய்யும். ஸ்கிரிபிள் என்ற திசை மரபணுவை இழந்த செல்கள், நலமான செல்களுக்கு நடுவே இருந்தால் அழிக்கப்படுகின்றன. டாட்சுஷி இகாக்கியும் டியான் சூவும் 2009-இல் காட்டியபடி, அந்தச் செல்களில் உள்ளிழுப்பு கூடுகிறது. ஐகர் என்ற டிஎன்எஃப் வகைச் (செல்லைச் சாகத் தூண்டக்கூடிய) சமிக்ஞைப் புரதம் எண்டோசோமுக்குப் போய் அங்கிருந்து ஜேஎன்கே என்ற மரணப் பாதையை இயக்குகிறது. ஆனால் அதே செல்லில் ராஸ் புற்றுநோய் மரபணுவும் சேர்ந்துகொண்டால் அந்த ஜேஎன்கே சமிக்ஞையே பரவலுக்குத் துணைபோகிறது. 2003-இல் சூவின் ஆய்வகம், கண் டிஸ்க்கில் தொடங்கிய அத்தகைய கட்டிகள் புழுவின் நரம்பு மண்டலத்துக்குள் ஊடுருவுவதைப் படமெடுத்தது.

படி 8: கட்டியிலிருந்து உடலுக்கு

சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். கட்டியுள்ள புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறத் தாமதிக்கும், சிலவேளை மாறவே மாட்டா. காரணம், கட்டி வெளியே விடும் டில்ப்8 என்ற ஹார்மோன் என்று 2012-இல் தெரிந்தது. வளர்ந்த ஈயின் கட்டிகள் இம்ப்-எல்2 என்ற புரதத்தைச் சுரந்து இன்சுலினின் வேலையைத் தடுத்து, ஈயின் தசையையும் கொழுப்பையும் கரைக்கின்றன. 2015-இல் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின. புற்றுநோயாளிகள் உடல் உருகிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரியும்.

படி 9: மனிதருக்குக் கொண்டுபோகும்போது வேகத்தைக் குறையுங்கள்

எரப்டட் மரபணுவின் மனித இணை டிஎஸ்ஜி101. பெயரிலேயே கட்டி இருக்கிறது. 1990-களில் எலிச் செல்களில் அதைக் கண்டவர்கள் கட்டியைத் தடுக்கும் மரபணு என்றே நினைத்தார்கள். மார்பகப் புற்றுநோயில் அது துண்டிக்கப்பட்டிருப்பதாக வந்த முதல் தகவல்கள் பிறகு நிலைக்கவில்லை. எலியில் அதை நீக்கியபோது கட்டி வரவில்லை, செல்கள் பெருகாமல் செத்தன. ஈயின் படம் பொய் என்று இதற்குப் பொருள் அல்ல. முழு எஸ்கார்ட்டையும் இழந்து ஒரு மனிதச் செல் பிழைப்பது கடினம் என்பதே பொருள். மனிதக் கட்டிகள் பொதுவாக முழுச் சாலையையும் அடைப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட ஏற்பி மட்டும் அழிவுக்குப் போகாதபடி பார்த்துக்கொள்கின்றன.

தெளிவான உதாரணம் நுரையீரல் புற்றுநோயில் மெட் ஏற்பி. ஏற்பி உள்ளே போய் அழிய, சிபிஎல் என்ற புரதம் அதன் வாலில் ஓர் இடத்தைப் பிடித்து அடையாளம் ஒட்டவேண்டும். அந்த இடம் மரபணுவின் 14-ஆவது எக்சானில், அதாவது புரதமாக மாறும் 14-ஆவது துண்டில், எழுதப்பட்டிருக்கிறது. சில நோயாளிகளிடம், அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோய் வகையில் சுமார் 3 சதவீதம் பேரிடம், அந்த எக்சான் தவிர்க்கப்பட்டுவிடுகிறது. ஏற்பியின் இயக்கப் பகுதியில் குறையே இல்லை. அது போகவேண்டிய நேரத்தில் போவதில்லை, அவ்வளவுதான். இதற்கான கேப்மாட்டினிப் மாத்திரைக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிபிஎல் மரபணுவே கெடும் ரத்தப் புற்றுநோய்களும் உண்டு.

இரண்டாவது, ஆர்என்எஃப்43. விண்ட் ஏற்பியான ஃபிரிஸில்ட்டை மேற்பரப்பிலிருந்து இழுத்து அழிவுக்கு அனுப்புவது இதன் வேலை. கணையத்திலும் பெருங்குடலிலும் சில கட்டிகளில் இது கெட்டிருக்கிறது. அப்போது மேற்பரப்பு முழுக்க ஃபிரிஸில்ட் நிற்கும், ஆனால் அதைத் தொட வெளியிலிருந்து விண்ட் வந்தே ஆகவேண்டும். 3-ஆம் படியில் கேட்ட கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். உடைப்பு ஏற்பிக்குக் கீழே இல்லை, ஏற்பியின் மட்டத்திலேயே இருக்கிறது, ஆகவே போர்க்குபைன் தடுப்பான் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. மருந்துப் பரிசோதனைகள் இந்த வகை நோயாளிகளைத் தேடுவது அதனால்தான். பக்கவிளைவும் அதே தர்க்கத்தில் வருகிறது: எலும்புக்கும் நாக்கின் சுவைமொட்டுக்கும் விண்ட் தேவை, எலும்பு தேய்வதும் சுவை மாறுவதும் கவனிக்கப்பட்டுள்ளன.

ஹெட்ஜ்ஹாக் பாதையையும் ஒரு வரியில்: 1980-இல் நியூஸ்லைன்-வோல்ஹார்டும் வீஷாஸும் ஈக்கருவில் கண்ட மரபணு, ஏற்பியான பேட்ச்டு மனிதரில் கெட்டால் அடிச்செல் தோல் புற்றுநோய் வரும் என்று 1996-இல் தெரிந்தது, பேட்ச்டு அடக்கிவைக்கும் ஸ்மூதன்ட் என்ற புரதத்தைத் தடுக்கும் விஸ்மோடெகிப் 2012-இல் மருந்தானது. ஈயில் ஸ்மூதன்ட் செல் சவ்வுக்கு நகர்கிறது, நம்மிடம் சீலியம் என்ற மயிரிழைக்குள் நகர்கிறது. புரதம் அதே, போய்ச்சேரும் இடம் வேறு.

படி 10: அடுத்த கட்டுரையை நீங்களே சோதியுங்கள்

'ஈயில் புற்றுநோய்க்குத் தீர்வு' என்று செய்தி வந்தால் மூலக் கட்டுரையின் படங்களைத் திறந்து இவற்றைத் தேடுங்கள். புரதம் கூடியதா, அல்லது இடம் மாறியதா? மேற்பரப்பையும் எண்டோசோமையும் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் படத்தில் இருக்கின்றனவா? பெருகிய செல் கெட்ட செல்லா, பக்கத்துச் செல்லா? சமிக்ஞை கூடியது என்று சொல்வதோடு நிற்கிறார்களா, அந்தச் சமிக்ஞையைக் குறைத்துக் கட்டி சுருங்குகிறதா என்றும் பார்த்தார்களா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான செய்திகள் தடுக்கி விழும். தேங்கியிருப்பது காரணமாகவும் இருக்கலாம், கட்டியின் விளைவாகவும் இருக்கலாம். நீக்கிப் பார்க்காமல் தெரியாது.

கையோடு ஒரு பயிற்சி. ஃப்ளைபேஸ் என்ற இணையத் தரவுத்தளம் இலவசம். தேடல் பெட்டியில் விபிஎஸ்25 என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது, மனித இணை எது, எந்தெந்தப் பிறழ்வுகள் இருக்கின்றன, அந்த ஈக்களை எந்தச் சேமிப்பகத்திலிருந்து தருவிக்கலாம் என்று ஒரே பக்கத்தில் வரும். அப்புறம் நாட்ச், பேட்ச்டு, ராப்5 என்று ஒவ்வொன்றாகப் போட்டு, 2-ஆம் படியில் நீங்கள் வரைந்த தாளில் அதனதன் இடத்தைக் குறியுங்கள். முதுகலை மாணவராக இருந்து ஈயைக் கையிலெடுக்க ஆசைப்பட்டால், பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் ஈ ஆய்வகங்கள் பல்லாண்டுகளாக நடக்கின்றன.